கோட்டை மேடும் எல்லைக்குச்சியும்



இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், பழைய ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் வடபுறத்தில் புல் மூடிய பெரிய மண்மேடு ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றி அகழியின் தடம். அதன் அருகே மண்கரையால் வளைக்கப்பட்ட அகன்ற முற்றங்களின் தடம். மதில் இல்லை, வாயில் இல்லை, கொத்தளம் இல்லை. ஆடுகள் மேயும் இந்த மேடுதான் ஒருகாலத்தில் நார்மானியர் எழுப்பிய கோட்டை.

1066ஆம் ஆண்டு நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அத்தேசம் முழுவதும் இத்தகைய கோட்டைகள் எழுந்தன. அவற்றைக் கட்டும் முறை எளியது. வட்டமாக அகழி தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை நடுவே குவித்து மேடாக்குவார்கள். மேட்டின்மேல் மரத்தாலான காவற்கோபுரம், கீழே வேலியடைத்த முற்றம், அதற்குள் குதிரைகளும் வீரர்களும் களஞ்சியமும். தங்கள் மண்ணையே வெட்டி, தங்களை அடக்கியாளப்போகும் மேட்டைத் தங்கள் தோள்களிலேயே சுமந்து குவித்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்களே.

இவ்விதமான இடத்தைக் குறித்துப் பிரசங்கம் செய்வது எங்களைப் போன்ற ஊழியக்காரருக்கு மிகவும் சுலபம். "மனிதனுடைய பெருமை எங்கே? கோட்டை எங்கே? எல்லாம் புல்லாய்ப் போயிற்று, கர்த்தருடைய வார்த்தையோ நிலைத்திருக்கிறது" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கேட்பவர்களும் தலையசைப்பார்கள். அந்தச் செய்தி பொய்யன்று. ஆனாலும் அது போதாது என்பது என் துணிபு. லாக்ஸ்டனின் கதையை முழுவதுமாக வாசித்தால், நாம் வசதியாகக் கடந்துபோகிற வேறொரு கேள்வி நம் முன்னே வந்து நிற்கிறது. இந்த வாரம் அந்தக் கேள்வியோடு சற்றே தங்கியிருக்க உங்களை அழைக்கிறேன்.

பெயரும் எண்ணிக்கையும்

1085ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் அரசன் தன் ராஜ்யத்தின் நிலங்களையும் அவற்றின் மதிப்பையும் கணக்கெடுக்கக் கட்டளையிட்டான். அந்தக் கணக்கேட்டை மக்கள் பின்னர் டூம்ஸ்டே புத்தகம் என்று அழைத்தனர். டூம்ஸ்டே என்றால் நியாயத்தீர்ப்பு நாள். கடைசி நாளின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாததுபோல அந்த ஏட்டில் எழுதப்பட்டதற்கும் மறுபேச்சு இல்லை என்பதே அப்பெயரின் கருத்து என்று 12ஆம் நூற்றாண்டிலேயே விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் லாக்ஸ்டனைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. முன்பு அந்நிலம் டோச்சி என்பவனுக்கு இருந்தது. இப்போது அது ஜெஃப்ரி அல்செலின் என்னும் நார்மானியப் பிரபுவுக்கு உரியது. அவனுடைய ஆளாகிய வால்டர் அங்கே ஓர் ஏர் வைத்திருக்கிறான். 22 வில்லீன் குடியானவர்களும், அவர்களிலும் சிறிய 7 குடிசைக் குடியானவர்களும் ஐந்து ஏர் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்குக் கீழே ஐந்து ஆண் அடிமைகள், ஒரு பெண் அடிமை. புல்வெளி 40 ஏக்கர். முன்பு அந்த ஊரின் மதிப்பு ஒன்பது பவுண்டு. இப்போது ஆறு பவுண்டு.

அந்த வரிகளை மெதுவாக வாசித்துப் பாருங்கள். நிலத்தை இழந்தவனுக்குப் பெயர் இருக்கிறது. பெற்றவனுக்கும், பெற்றவனுடைய ஆளுக்கும் பெயர் இருக்கிறது. உழுதவர்களுக்குப் பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. "ஒரு பெண் அடிமை" என்று எழுதிய எழுத்தன் அவள் பெயரைக் கேட்கவில்லை. அவள் யாருடைய மகள், எங்கிருந்து வந்தாள், பிள்ளைகள் இருந்தார்களா, இரவில் எங்கே படுத்தாள் என்பதெல்லாம் அரசனுடைய வரிக்குத் தேவையற்றவை. ஏரும் எருதும் எண்ணப்பட்ட வரியிலேயே அவளும் எண்ணப்பட்டாள்.

வில்லீன் என்ற சொல்லையும் கவனியுங்கள். பண்ணையைச் சேர்ந்த குடியானவன் என்பதே அதன் பொருள். நிலத்தோடு கட்டப்பட்ட அந்த உழவனை மேலோர் இழிவாகப் பேசிப்பேசி, காலப்போக்கில் அதே சொல் ஆங்கிலத்தில் கயவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. இன்று நாம் திரைப்படக் கதைகளில் "வில்லன்" என்கிறோமே, அந்தச் சொல்லின் வேரில் நிற்பவன் வயலில் உழுத ஓர் ஏழை. ஊருக்குச் சோறு போட்டவனின் பெயரையே வசைச்சொல்லாக்குவது எவ்வளவு எளிதாக நடந்துவிட்டது பாருங்கள்!

நாம் விசுவாசிக்கிற வேறொரு புத்தகம் உண்டு. கடைசி நாளிலே திறக்கப்படும் அந்தப் புத்தகத்தில் மனிதர்கள் பெயர் பெயராக எழுதப்பட்டிருப்பார்கள் என்று வேதம் நமக்குப் போதிக்கிறது. இந்த இரண்டு புத்தகங்களில் எதன் முறைப்படி நாம் மனிதரை எண்ணுகிறோம்? நம் வீட்டில் வேலை செய்கிறவரின் முழுப்பெயர் நமக்குத் தெரியுமா? ஆலயத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவரின் பிள்ளைகளின் பெயர் தெரியுமா? சபையின் ஆண்டறிக்கையில் "குடும்பங்கள் இத்தனை" என்று அச்சிடும்போது, அந்த எண்ணுக்குள்ளே ஒவ்வொரு முகத்தையும் நாம் காண்கிறோமா?

மேட்டைச் சூழ்ந்த பண்ணை

கோட்டை தனியே வாழ்வதில்லை. அதைச் சுமப்பதற்கு ஒரு பண்ணை வேண்டும். மேனர் என்று ஆங்கிலேயர் அழைத்த அந்தப் பண்ணை ஆட்சியின் ஒழுங்கு ஏறத்தாழ இப்படி இருந்தது. ஊரைச் சுற்றிலும் வேலியில்லாத மிகப் பெரிய வயல்கள். ஒவ்வொரு வயலும் நீண்ட ஒடுங்கிய கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்துக்குரிய கீற்றுகள் ஒரே இடத்தில் இராமல் எல்லா வயல்களிலும் சிதறிக் கிடக்கும். ஆகவே நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் பலருக்கும் பங்காகும். பிரபுவுக்கும் சொந்தப் பண்ணை நிலம் உண்டு. தன் கீற்றில் உழுவதற்குமுன் குடியானவன் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கவேண்டும். அறுவடைக் காலத்தில் கூடுதல் நாட்கள். மகளுக்குத் திருமணம் செய்துகொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டவேண்டும். குடும்பத் தலைவன் இறந்தால், துக்கவீட்டின் மிகச் சிறந்த கால்நடை பிரபுவின் தொழுவத்துக்குப் போகும்.

எல்லாப் பண்ணைகளிலும் எல்லாக் கடமைகளும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆனால் ஒழுங்கின் உள்ளுறை ஒன்றே: கீழே இருப்பவனின் நாட்களும், பிள்ளைகளும், சாவும்கூட மேலே இருப்பவனுக்கு வருமானம். இஸ்ரவேலர் தங்களுக்கு ராஜா வேண்டுமென்று கேட்டபோது தீர்க்கதரிசியாகிய சாமுவேல் எச்சரித்தது நினைவுக்கு வருகிறதல்லவா? அவன் உங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் வேலைக்கு எடுப்பான். வயல்களில் நல்லவற்றை எடுப்பான். விளைச்சலில் பத்திலொன்றை எடுப்பான் என்று அவர் அடுக்கிச் சொன்னார். எடுப்பான், எடுப்பான் என்பதே அந்த எச்சரிப்பின் பல்லவி. லாக்ஸ்டன் போன்ற ஊர்களுக்கு அது தீர்க்கதரிசனம் அன்று; அன்றாடக் கணக்கு.

காடும் அவ்வாறே. லாக்ஸ்டனின் பிரபுக்கள் நாட்டிங்காம், டெர்பி பகுதிகளின் அரச காடுகளுக்குப் பரம்பரைக் காவலராக இருந்தனர். முதலில் டி கோ குடும்பத்தார், பின்னர் எவரிங்காம் குடும்பத்தார். அரசனின் மானைக் காப்பது அவர்களுடைய கடமை. பசித்த குடியானவன் அந்த மானைத் தொட்டால் உயிரோ உறுப்போ போகும் என்றிருந்த கொடுமையான தண்டனை, 1217ஆம் ஆண்டின் வனச் சாசனத்தால்தான் நீக்கப்பட்டது. ஒரு மானின் உயிரைவிட ஒரு மனிதனின் கை மலிவாயிருந்த காலம் அது.

ஆலயத்துக்குள் யார் படுத்திருக்கிறார்கள்?

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் பேசியாகவேண்டும். கோட்டை மேட்டிலிருந்து சிறிது தூரத்தில் லாக்ஸ்டனின் பரிசுத்த மிகாவேல் ஆலயம் இருக்கிறது. அதனுள்ளே எவரிங்காம் பிரபுக்களின் உருவச் சிலைகள் படுத்த கோலத்தில் கிடக்கின்றன. கவசமணிந்த வீரர்கள் கல்லில். அவர்களோடு மரத்தில் செதுக்கப்பட்ட ஒரு பெண்மணியின் உருவமும் உண்டு; அக்காலத்து மரச் சிலைகள் தப்பியிருப்பது அரிது என்பதால் அதைக் காண இன்றும் பலர் வருகிறார்கள். அந்த 22 குடும்பங்களுக்கோ, ஐந்து அடிமைகளுக்கோ, பெயரில்லாத அந்த ஒரு பெண்ணுக்கோ அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

சபை அக்காலத்தில் வெறும் பார்வையாளராக நின்றிருக்கவில்லை. ஊர்க் குருவானவருக்கும் பொதுவாக அந்த வயல்களிலேயே கீற்றுகள் இருந்தன. விளைந்த கதிர்க்கட்டுகளில் பத்தில் ஒன்று தசமபாகமாகப் போயிற்று. பிரபுவுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதில் அல்ல, மொத்த விளைச்சலில் பத்தில் ஒன்று. அந்தத் தசமபாகத்தால் ஏழைகள் போஷிக்கப்பட்டதும் உண்டு. ஆயினும் குடியானவனின் கண்ணுக்குக் கோட்டையிலிருந்து வரும் கையும் ஆலயத்திலிருந்து வரும் கையும் ஒரே களத்தில், ஒரே குவியலில் நீண்டன என்பதை மறைக்க முடியாது. ஆண்டவரைக் குறித்து அவனுக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி, அந்தக் கையின் நிழலில்தான் அவன் செவியில் விழுந்தது.

நம் ஆலயங்களில் படுத்த சிலைகள் இல்லை. ஆனால் சுவரில் பதித்த கற்கள் உண்டு. மின்விசிறியில் எழுதிய பெயர்கள் உண்டு. முன்வரிசை நாற்காலிகள் உண்டு. காணிக்கை கொடுத்தவர்களைக் கனப்படுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. கல்லைச் சுமந்த கொத்தனாரின் பெயரும் சித்தாளின் பெயரும் எங்கே என்று ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்றே சொல்லுகிறேன்.

கோட்டை போயிற்று, பண்ணை போகவில்லை

"கோட்டை விழுந்தது, பெருமை அழிந்தது" என்ற சுலபமான பிரசங்கம் போதாது என்று ஏன் சொன்னேன்? கோட்டை மறைந்தபின்னும் உடைமை மறையவில்லை, அதனாலேதான். நூற்றாண்டுகள் தோறும் பிரபுக்கள் மாறினர். குத்தகை கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே இருந்தனர்.

1635ஆம் ஆண்டு மார்க் பியர்ஸ் என்னும் அளவையாளர் லாக்ஸ்டன் முழுவதையும் அளந்து ஒரு வரைபடம் தீட்டினார். அந்த வரைபடம் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கீற்றுகள் ஒவ்வொன்றும் அதில் வரையப்பட்டு, எது யாருடையது என்று தனி ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வரையச் செய்தவர் அப்போது அந்தப் பண்ணையை வாங்கியிருந்த சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் நகரத்துப் பெருவணிகர். பார்படோஸ் தீவில் 1627ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குடியேறப் பணம் போட்டவர் அவரே. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்திய வணிகத்தில் இறங்க, 1635ஆம் ஆண்டு சார்ல்ஸ் அரசனிடம் உரிமை பெற்ற கூட்டத்தின் தலைவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். அவருடைய கூட்டத்தார் நம்முடைய மேற்குக் கடற்கரையில் கார்வார் முதலிய இடங்களில் பண்டகசாலை வைத்தனர்.

மண்மேட்டுக் கோட்டை தேவையற்றுப்போன காலத்தில், கப்பலும் கணக்கேடும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வலியவனின் ஆசை இடிந்த கோட்டையோடு சேர்ந்து இடிவதில்லை. அது வீடு மாறுகிறது. ஆகவே பாழடைந்த மதிலைப் பார்த்து "பெருமை ஒழிந்தது" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெருமை நம் பக்கத்துத் தெருவில், சிலவேளை நம் சொந்த வீட்டில், வாடகையில்லாமல் குடியேறியிருக்கக்கூடும்.

பிற்பாடு அந்தப் பண்ணை பியர்பான்ட் குடும்பத்திடம் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மான்வர்ஸ் பிரபு 1952ஆம் ஆண்டு அதை வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார். 1981ஆம் ஆண்டு அது முடியாட்சிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் போயிற்று. 2020ஆம் ஆண்டு, பியர்பான்ட் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே அதை மறுபடியும் வாங்கிற்று. டோச்சி முதல் இன்று வரை உடைமைக்காரர் எத்தனை பேர்! உழுகிற வேலையோ ஒன்றுதான்.

எல்லையை நடந்து பார்க்கும் நாள்

இனி லாக்ஸ்டனின் மறுபக்கத்துக்கு வருவோம். உலகம் அந்தச் சிற்றூரை நினைப்பது அதன் கோட்டைக்காக அன்று, அதன் வயல்களுக்காக. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் அதிகமான சட்டங்களால் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேலியடைக்கப்பட்டது. பொது மேய்ச்சலும் பங்கு வயல்களும் தனியுடைமையாயின. கையில் பத்திரம் இல்லாத ஏழை வழியில் நின்றான். லாக்ஸ்டனிலும் நிலத்தில் ஒரு பகுதி வேலிக்குள் போயிற்று. ஆனால் மேற்கு வயல், தென் வயல், ஆலை வயல் என்னும் மூன்று திறந்த வயல்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. இன்றும் பழைய ஒழுங்கில் உழப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு அகலமாயின. மாட்டுக்குப் பதிலாக டிராக்டர் வந்தது. ஆனால் முறை மாறவில்லை. மூன்று வயல்களில் ஒன்று குளிர்காலக் கோதுமைக்கு, ஒன்று வசந்தகாலப் பயிருக்கு, ஒன்று ஓய்வுக்கு. ஆண்டுதோறும் அது சுழலும்.

அந்த வயல்கள் தப்பியது யாருடைய நற்குணத்தால் என்று தேடினால் நமக்குச் சற்று ஏமாற்றமே. அவ்வூரில் நிலம் வைத்திருந்த இரண்டு பெரும் பிரபுக்கள், மான்வர்ஸும் ஸ்கார்பரோவும், வேலியடைப்பதைக் குறித்துத் தங்களுக்குள் உடன்படாததும் அதற்கு ஒரு காரணம். இருவர் பிணக்கில் ஏழைகளின் வயல் பிழைத்தது! தேவன் மனிதரின் நன்மையை மட்டுமல்ல, அவர்களுடைய பிடிவாதத்தையும் பயன்படுத்தத்தக்கவர் என்பதை யோசேப்பின் சகோதரர் கதையில் கற்றிருக்கிற நமக்கு இது புதுமையன்று.

அந்த வயல்களை இன்றும் காப்பது ஒரு பழைய மன்றம். கோர்ட் லீட் என்பது அதன் பெயர். நவம்பர் மாதத்தின் இறுதியில், அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலுக்கு ஊர் உழவர்களிலிருந்தே நியமிக்கப்பட்ட ஜூரிகள் ஒன்றாகப் போகிறார்கள். கீற்றுக்குக் கீற்று நடந்து பார்க்கிறார்கள். யாராவது பொதுவழியிலோ, பொதுப் புல்வெளியிலோ, அடுத்தவன் நிலத்திலோ ஒரு சால் கூடுதலாக உழுதிருக்கிறார்களா? எல்லை தெளிவில்லாத இடத்தில் மரக்குச்சியை அடித்து இறக்குகிறார்கள். ஒருவாரம் கழித்து ஊர் விடுதியில் மன்றம் கூடும், குற்றம் செய்தவர் பெயர் வாசிக்கப்படும், தண்டம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் அண்டைவீட்டார் முன்பாக வாசிக்கப்படும் பெயர் சிறியதன்று. 1977ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை நாடெங்கும் முடிவுக்குக் கொண்டுவந்தபோதும், லாக்ஸ்டன் மன்றம் தன் வயல்களைப் பராமரிக்கும் பணியைத் தொடர இடம் விட்டது.

ஒரு சால் என்பது எவ்வளவு? ஓர் அடிக்கும் குறைவு. ஒருவருக்கும் தெரியாது. இந்த ஆண்டு ஒரு சால், அடுத்த முறை ஒரு சால். இருபது ஆண்டுகளில் அண்டைவீட்டானின் கீற்று அரைவாசியாகிவிடும். யாரும் களவு செய்யவில்லை. யாரும் அரிவாள் தூக்கவில்லை. கலப்பை மட்டும் சற்றே சாய்ந்தது. பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனை மோசேயின் நியாயப்பிரமாணம் சாபத்துக்குரியவன் என்று ஏன் அத்தனை கடுமையாகச் சொல்லிற்று என்று இப்போது விளங்குகிறதல்லவா? எல்லைப் பாவம் சத்தமில்லாத பாவம். அதைச் செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் பாடுவான்.

"விசுவாசிகளுக்குள்ளே அன்பு இருந்தால் போதாதா? கணக்கும் அளவும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சகோதரரே, சகோதரிகளே, அந்தக் கேள்வி பெரும்பாலும் அதிகமாய் எடுத்துக்கொண்டவர்களின் வாயிலிருந்தே வருகிறது. தங்கையின் பங்கை இன்னும் எழுதிக்கொடுக்காத அண்ணன்தான் "நமக்குள்ளே என்ன கணக்கு?" என்பான். சபையின் வரவுசெலவை வெளியிடாத நிர்வாகம்தான் "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கும். லாக்ஸ்டனில் குச்சி அடிப்பவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள் அல்லர். ஒன்றாக நடந்து பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து உணவருந்துகிற அண்டைவீட்டார். அன்பு நிலைப்பதற்கே அந்த அளவு தேவைப்படுகிறது. இதுவே என் கருத்து: நம் சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் இன்னும் ஓர் உருக்கமான செய்தியைவிட, ஆண்டுக்கொருமுறை எல்லோரும் சேர்ந்து எல்லையை நடந்து பார்க்கும் ஒரு நாள் அதிகமாய்த் தேவை.

ஜூரிகள் கேட்காத கேள்வி

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அந்த மன்றம் பிறந்தது பிரபுவின் மன்றமாக. தண்டப்பணம் அவனுடைய வருமானம். தலைமுறை தலைமுறையாக ஜூரிகள் குடியானவனின் ஒரு சாலை அளந்தனர். முழு வயலும் அந்த மேட்டில் இருப்பவனுக்கு எப்படி வந்தது என்று அளக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஓர் அடி நிலத்தைத் திருடியவன் தண்டம் கட்டினான். ஊரையே வாளால் எடுத்தவன் ஆலயத்துக்குள் கல்லாய்ப் படுத்திருக்கிறான்.

கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவதைக் குறித்து நம் ஆண்டவர் கடிந்துகொண்டது இதைத்தான் அல்லவா? நாமும் அப்படியே. வாலிபன் ஒருவன் ஆராதனைக்குத் தாமதமாக வந்தால் கண்டிக்கிறோம். வேலையாட்களுக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்காத செல்வந்தர் வந்தால் எழுந்து இடம் கொடுக்கிறோம். ஏழை விதவை சங்கக் கடனில் ஒரு தவணை தவறினால் அவள் பெயரை வாசிக்கிறோம். பெரிய உடைமைகள் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பதை மரியாதைக்குறைவு என்கிறோம். ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, ஊர்ப் பெரியோர் கூடி, உபவாசம் கூறி, சாட்சிகளை நிறுத்தி, முறைப்படி தீர்ப்புச் செய்தே அதைச் சாதித்தார்கள் என்பதை மறவாதிருங்கள். மன்றம் இருந்தது, நீதி இல்லை. எலியா வரவேண்டியதாயிற்று.

லேவியராகமத்தில் கர்த்தர் நிலத்தைக் குறித்துப் பேசும்போது, அது தம்முடையது என்றும் மனிதர் அதில் பரதேசிகளும் புறக்குடிகளுமே என்றும் அறிவிக்கிறார். அந்த வார்த்தையை நம்பினால், லாக்ஸ்டனில் குத்தகைதாரர் என்று எழுதப்படவேண்டியவர்கள் உழவர் மட்டுமல்லர். அல்செலினும் குத்தகைதாரன். எவரிங்காமும் கோர்ட்டனும் குத்தகைதாரர். கையில் பத்திரம் வைத்திருக்கிற நீங்களும் நானும் குத்தகைதாரர். ஆகவே குச்சியோடு நடக்கிற கூட்டம் வயலின் முனையில் திரும்பிவிடக்கூடாது, மேட்டின்மேலும் ஏறவேண்டும். சிறியவனின் சாலையும் பெரியவனின் கோட்டையையும் ஒரே கோலால் அளக்கிற சபையே, நியாயத்தீர்ப்பு நாளை உண்மையாய் நம்புகிற சபை.

இந்த வாரம் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி இரண்டு காரியங்களைச் செய்யும்படி உங்களை வேண்டுகிறேன். முதலாவது, உங்கள் எல்லையை நடந்து பாருங்கள். சகோதரரின் பங்கு, அண்டைவீட்டாரின் சுவர், வேலையாளின் கூலி, முதலாளிக்குரிய நேரம், பொதுவழி, சபையின் பணம். எங்கேயாவது உங்கள் கலப்பை ஒரு சால் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால், பிரார்த்தனையோடு நிறுத்தாமல் குச்சியைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடுங்கள். இரண்டாவது, உங்கள் வாழ்வைத் தாங்குகிறவர்களில் நீங்கள் எண்ணிக்கையாக மட்டும் அறிந்திருக்கிற ஒருவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 1086ஆம் ஆண்டின் எழுத்தன் கேட்காத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பிதாவே, பூமி உம்முடையது. நாங்கள் அளந்து வைத்துக்கொண்டவற்றை நீர் மறுபடியும் அளந்து பாரும். நாங்கள் பெயரறியாத உம்முடைய பிள்ளைகளை எங்களுக்குப் பெயர்சொல்லிக் காண்பியும். சிறிய அநியாயத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணையும், பெரிய அநியாயத்தைப் பார்த்துப் பேசுகிற வாயையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரம் சந்திப்போம்.